விரிந்தால் எவ்வளவு?

இணையத்தின் உள்ளே – 14

சென்ற வாரம் பிரவுசர் கேட்பதும் சர்வர் பதில் சொல்வதுமான எச்.டி.டி.பி. உரையாடலைப் பார்த்தோம். அந்தப் பதில் பெரும்பாலும் உள்ளபடியே கிளம்பி வருவதில்லை. சர்வரில் சுருங்கிப் பயணப்பட்டு, நம் போனுக்கு வந்ததும் மறுபடி விரிகிறது. தமிழில் வாசிப்பவர்களுக்கு இது சாதாரண உதவி இல்லை.

யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணக்கு இன்னும் ஏறும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே மதிப்புகளில் ஒன்றாக இருக்கும். புதிய செய்தியைச் சுமப்பது ஏறக்குறைய மூன்றாவது பைட் மட்டும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் முறைகள் தேடிப் பிடிக்கின்றன. நம் எழுத்தின் கூடுதல் சுமையில் பெரும்பகுதி இதனால் குறைந்துபோகிறது.

இந்தத் தேடலுக்கு அடித்தளம் போட்டவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பல் இருவரும். 1977இல் அவர்கள் வெளியிட்ட முறையின் சாரம் எளியது: ஏற்கெனவே வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே, 'இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள்' என்று மட்டும் எழுது. அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடு, அரிதாக வருவதற்குப் பெரிய குறியீடு என்ற டேவிட் ஹஃப்மனின் 1952ஆம் ஆண்டு யோசனையை இதோடு சேர்த்து டிஃப்ளேட் முறையை உருவாக்கினார் பில் காட்ஸ். அதை வைத்து ழான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் 1992இல் ஜிஸிப்பை எழுதினார்கள். யூனிக்ஸில் அதுவரை புழங்கிய கம்ப்ரெஸ் நிரலின் முறைமீது காப்புரிமை இருந்தது. யாருக்கும் கப்பம் கட்டாமல் எவரும் பயன்படுத்தக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. இன்றைய இணையம் அந்த முடிவுக்குப் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

பதில் வரும் திசையில் நடைமுறை நாகரிகமானது. பிரவுசர் தன் கோரிக்கையிலேயே 'அக்செப்ட்-என்கோடிங்' என்ற தலைப்பு வரியில், தனக்கு விரிக்கத் தெரிந்த முறைகளைச் சொல்லிவிடுகிறது: ஜிஸிப், புரோட்லி, இஸட்-ஸ்டாண்டர்டு. சர்வர் ஒன்றைத் தேர்ந்து சுருக்கி, எதைத் தேர்ந்தது என்பதை 'கன்டென்ட்-என்கோடிங்' வரியில் எழுதி அனுப்புகிறது. ஜேபெக் படம், வீடியோ போன்றவை ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மறுபடி சுருக்குவது வீண் வேலை.

கூகுளில் உருவான புரோட்லி இன்னொரு படி மேலே போகிறது. 2016இல் தரமாக வெளியான இந்த முறைக்குள்ளேயே சுமார் 120 கே.பி. அளவில் ஓர் அகராதி இருக்கிறது. அதிகம் புழங்கும் சொற்கள் இரண்டு பக்கமும் முன்பே இருப்பதால், முதல்முறை வரும்போதே சுருங்கிவிடும். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், ரஷ்யம், அரபு, இந்தி ஆகிய மொழிகளின் சொற்கள் அதில் உண்டு; தமிழ் இல்லை. எனக்கு இது பெரும் குறை. ஆனால் இப்போது ஒரு தளம் தன் சொந்த அகராதியை பிரவுசரிடம் முன்கூட்டியே கொடுத்துவைக்கும் வசதி குரோமில் வந்துவிட்டது. தமிழ்ச் செய்தித் தளங்கள் தங்கள் பழைய பக்கங்களிலிருந்தே இப்படியோர் அகராதியைத் தயாரிக்கலாம். யாராவது செய்ய வேண்டும்.

எதிர்த் திசையில், நம் போனிலிருந்து சர்வருக்குத் தகவல் போகும்போது, இந்த நாகரிகம் இல்லை. சிக்னல் பலவீனமான இடத்திலிருந்து ஒரு செயலி நிறைய தகவலை ஏற்ற வேண்டியிருந்தால் சுருக்கி அனுப்புவதுதான் நல்லது. ஆனால் முதலில் பேசுவது போன். சர்வருக்கு ஜிஸிப் தெரியுமா என்று அதற்கு முன்பே தெரிய வழியில்லை. தெரியாத சர்வர் 415 என்ற எண்ணோடு மறுத்துவிடும். அப்படி மறுக்கும்போது, தான் ஏற்கும் முறைகளையும் அந்தப் பதிலிலேயே சொல்லலாம் என்று 2015இல்தான் விதி வகுத்தார்கள். 415 வந்தால் சுருக்காமல் மறுபடி அனுப்பும் ஏற்பாட்டைச் செயலி எழுதுபவர்தான் செய்துவைக்க வேண்டும்.

சர்வருக்கு இதைவிடப் பெரிய கவலை உண்டு. முன்பின் தெரியாதவர் அனுப்பியதை அது விரிக்கிறது. டிஃப்ளேட் முறையில் ஒரு குறிப்பு அதிகபட்சம் 258 பைட்டைக் குறிக்கலாம். அந்தக் குறிப்பை இரண்டே பிட்டில் எழுதிவிடலாம். அதாவது ஏறக்குறைய 1,032 மடங்கு. வெறும் பூஜ்யங்களால் நிரப்பிச் சுருக்கிய 10 எம்.பி. கோப்பு, விரித்தால் 10 ஜி.பி.யைத் தாண்டும். சர்வரின் நினைவகம் அதோடு முடிந்தது. கோரிக்கையின் 'கன்டென்ட்-லெங்த்' வரி சுருங்கிய அளவை மட்டுமே சொல்கிறது. வாசலில் அந்த எண்ணைப் பார்த்து, '20 எம்.பி.க்குள் இருக்கிறது, போகலாம்' என்று விடும் வரம்புகள் இங்கே காவலே இல்லை.

ஜிஸிப் கோப்பின் கடைசி நான்கு பைட்டில் விரிந்த அளவு எழுதியிருக்கும். அதையும் நம்பக் கூடாது, எழுதியவர் அனுப்பியவர்தானே. செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழுவதையும் ஒரே மூச்சில் விரிக்காமல், சிறு துண்டுகளாக விரித்துக்கொண்டே வெளிவரும் பைட்டுகளை எண்ண வேண்டும். வரம்பு தாண்டிய கணமே நிறுத்தி, 413 என்று பதில் சொல்லிவிட வேண்டும்.

விரிக்கும் பக்கம் எதுவானாலும் ஆபத்து ஒன்றே என்பதற்கு, சர்வர்களிடமிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் கர்ல் கருவியின் அனுபவம் சான்று. சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கி அடுக்குகளாக அனுப்ப எச்.டி.டி.பி. இடம் தருகிறது. எத்தனை அடுக்கு வரலாம் என்று கர்லில் வரம்பே இல்லாமல் இருந்தது. கெட்ட எண்ணம் கொண்ட ஒரு சர்வர் அதை வைத்தே கர்லின் நினைவகத்தைத் தின்னச் செய்யலாம். 2022இல் ஐந்து அடுக்குக்கு மேல் கூடாது என்று திருத்தினார்கள். ஆனால் அந்த ஐந்தும் ஒவ்வொரு தலைப்பு வரிக்கும் தனித்தனியாக எண்ணப்பட்டது. பல வரிகளில் பிரித்து அனுப்பினால் வரம்பைத் தாண்டிவிடலாம். 2023இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

மறையாக்கம் செய்த கோரிக்கையிலும் சுருங்கிய அளவு வெளியே தெரியும். அந்த அளவை வைத்தே ரகசியக் குக்கியைக் கண்டுபிடித்தது 2012இல் வெளியான 'கிரைம்' தாக்குதல். அது எப்படி முடிந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)