செல்போன் சொல்லும் வைத்தியம்

பட்டணத்தில் ஒரு மாதிரி! கிராமத்தில் ஒரு மாதிரி!

உடம்புக்கு ஏதாவது வந்தால், முன்பெல்லாம் பாட்டியைக் கேட்பார்கள். இப்போது செல்போனைக் கேட்கிறார்கள்!

ஆனால் கேட்கிற விதத்தில் பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசம் உண்டு.

பட்டணத்தில்...

பட்டணத்துக்காரர் தாமே தேடுகிறார். "தலைவலி" என்று எழுதினால் போதும். பக்கம் பக்கமாக வந்து கொட்டுகிறது. படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது. சாதாரணத் தலைவலியை "மூளையில் கட்டி" என்று நினைத்து, இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு.

ஆனால் தெருக்கோடியில் டாக்டர் இருக்கிறார். காலையில் போய்க் காட்டினால் பயம் தீர்ந்துவிடும்.

கிராமத்தில்...

இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய பெண்கள் எத்தனை பேர்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் இப்படிக் கேட்டார்கள். இந்தியாவில், நகரத்துப் பெண்களில் 100-க்குச் சுமார் 52 பேர். கிராமத்துப் பெண்களில் 100-க்குச் சுமார் 25 பேர்தான்!

பல வீடுகளில் போன் மகன் கையில் இருக்கிறது. தாய் எதையும் தேடுவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை மகன் காட்டுகிறான். சொந்தக்காரர் அனுப்பியது, தமிழில் வேறு இருக்கிறது. நம்பாமல் இருக்க முடியுமா? அது தப்பு என்று சொல்ல, பக்கத்தில் டாக்டர் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பாம்பு கடித்தால்?

2000 முதல் 2019 வரை, இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

"கடிவாயைக் கீறு. வாயால் உறிஞ்சு. கயிற்றால் இறுக்கிக் கட்டு." இப்படிப் போனில் வந்தால் நம்பாதீர்கள். மூன்றும் தவறு!

கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலும் இருக்கலாம். "விஷம் ஏறவில்லை" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு ஊசிதான் இதற்கு மருந்து.

என்ன செய்யலாம்?

போனைத் தூக்கி எறிய வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 104-ஐ அழைத்து உடல்நல யோசனை கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. இணையமும் வேண்டாம். பட்டன் போனே போதும்.

போனில் ஒரு வைத்தியம் வந்தால், கிராம சுகாதார நர்சிடம் காட்டுங்கள். "இது சரியா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு எதையும் அனுப்பும் முன், டாக்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நீங்கள் படித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று, அம்மா அதை அப்படியே செய்துவிடுவாள்!