தொடைச் சதை பிடித்தால் உருவி விடாதீர்கள்



நம்மூரிலிருந்து பலர் விடியலில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சரிவில் ஈரச் சருகை மிதித்துக் கால் முன்னே வழுக்கும்போதோ, பிள்ளைகள் மைதானத்தில் வேகமாக ஓடும்போதோ, தொடையின் பின்பக்கம் 'சுரீர்' என்று பிடித்துக்கொள்ளும். சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவி விடுகிறோம். பெரும்பாலும் அது தசைநார்க் கிழிசல். உருவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும்.

உட்காரும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை செல்லும் மூன்று தசைகளை 'ஹாம்ஸ்ட்ரிங்' என்பார்கள். ஓடும்போது முன்னே வீசிய காலை இழுத்து நிறுத்துபவை இவையே. நீண்டுகொண்டே பலமும் கொடுக்கும் அந்த நொடியில்தான் அவை கிழிகின்றன. சில நார்கள் மட்டும் கிழிந்தால் இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். பாதி கிழிந்தால் ஒன்றிரண்டு மாதமாகும். முழுதும் அறுந்தால் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

2021 ஜனவரி 11 அன்று சிட்னி டெஸ்டில் இந்தக் காயத்தோடு ஹனுமா விஹாரி 161 பந்துகளைச் சந்தித்தார். நம் தமிழ்நாட்டு அஸ்வினோடு சேர்ந்து ஆட்டத்தை டிரா செய்தார். பிள்ளைகள் அந்த வீரத்தைப் பேசுகிறார்கள். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.

முதல் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வீதம், நாளுக்குச் சில முறை வையுங்கள். அளவான இறுக்கத்தில் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் அப்போது வேண்டாம். ருகூவில் குனியும்போது இந்தத் தசைதான் இழுபடும். முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

பிறகு மெதுவாக நடந்து, படிப்படியாகக் காலுக்குப் பலம் ஏற்ற வேண்டும். வலி நின்றதும் சுமை தூக்கப் போனால் அதே இடம் மீண்டும் கிழியும். கூலி போகிறதே என்ற தவிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வாரக் கூலிக்கு அவசரப்பட்டு, இரண்டு மாதக் கூலியை இழக்கக் கூடாது.

கிழியும்போது 'டப்' என்ற சத்தம், பரவும் கருநீலம், காலூன்ற முடியாமை ஆகியவை இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடிபடாமலே கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், இடுப்பிலிருந்து மரத்துப்போய் வலி இறங்கினாலும் அது வேறு நோய், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியம் தருவானாக.