கதிரையிலிருந்தே ஆகாயப் பயணம்

வீட்டில் இருந்தபடி விமானம் ஓட்டிப் பழகும் கணினி விளையாட்டு நேற்று இன்று தோன்றியதன்று. ஆனால், கண்களை முற்றாக மூடிக்கொள்ளும் மெய்நிகர்க் கண்ணாடி அதனோடு சேர்ந்த பின்னர் அதன் தன்மையே வேறாகிவிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விமான ஓட்டப் பயிற்சி நிரல் 2020 ஓகஸ்டில் புதுவடிவில் வெளிவந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே இக்கண்ணாடிக்கும் இடங்கொடுத்தது.

நான் அதிகம் ஓட்டுவது செஸ்னா 172 என்னும் நான்கு ஆசனச் சிறு விமானத்தை. தரையிறங்குமுன் ஓடுபாதைக்குச் சமாந்தரமாகச் சென்று, செங்கோணமாக ஒருமுறை திரும்பி, மறுமுறை திரும்பி அதற்கு நேரே வருதல் வேண்டும். எப்பொழுது திரும்புவது? ஓடுபாதை தோளுக்குப் பின்னே எவ்வளவு விலகிற்று என்பதைப் பார்த்தே விமானி அதனை முடிவு செய்கின்றான். தட்டைத் திரையில் பக்கவாட்டிற் பார்க்க ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், காட்சி சட்டென மாறும், திசை மயங்கும். கண்ணாடி அணிந்தவனோ கழுத்தைத் திருப்புகின்றான்; அவ்வளவே. அளவுமானிகள் கையெட்டும் தொலைவில் திரண்டு நிற்கின்றன. கையை நீட்டினால் வெறுங் காற்றுத்தான்! மேசைமீதுள்ள உண்மையான விசைகளைக் குருடனைப்போலத் தடவித் தேடவேண்டியிருக்கின்றது.

இன்னொரு தொல்லையும் உண்டு. விமானத்தைச் சரித்துத் திருப்பும்போது தலை சுற்றி, வயிறு குமட்டும். கண் அசைவைக் காண்கின்றது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ, "நீ கதிரையில் அசையாதிருக்கின்றாய்" என்கின்றது. இவ்வழக்கிற் செவி சொல்வதே உண்மை.

மெய்யான ஆகாயத்தில், முகிலுக்குள்ளே, நிலைமை நேர்மாறானது. நீண்டநேரம் ஒரே சீராகத் திரும்பும் விமானத்தில் உட்செவித் திரவம் அடங்கிவிடும். நேரே செல்வதாகவே விமானி உணர்வான். அங்கே செவி பொய்யுரைக்கின்றது. அளவுமானியைப் பார்க்கும் கண்ணே துணை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929இல் அமைத்த பயிற்சிப் பெட்டி இதற்கெனவே பயன்பட்டது. அவர் தந்தையாரின் தொழிற்சாலை பியானோவும் ஓர்கனும் செய்தது. ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளே அப்பெட்டியைச் சாய்த்தன. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமந்து கெட்ட காலநிலையில் மாண்டபோது, இராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது.

லிங்கின் பெட்டி வெளிக்காட்சியை மறைத்து உடலை அசைத்தது. நம் வீட்டுக் கண்ணாடி காட்சியை விரித்து உடலை இருத்திவிடுகின்றது. ஆகவே தரையிறங்கும் பாதையைக் கற்க இது நல்ல ஆசான். முகிலுக்குள் செவி செய்யும் வஞ்சகத்தை இதனாற் காட்ட இயலாது. வீட்டில் நூறு மணி நேரம் ஓட்டியவரும் அவ்வஞ்சகத்தை ஒருமுறையேனும் சந்தித்தவராகார்.

இரண்டையும் இணைத்த கருவியும் வந்துவிட்டது. சுவிற்சர்லாந்து நிறுவனமொன்று அமைத்த ஹெலிகொப்டர்ப் பயிற்சிக் கருவிக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் 2021இல் அங்கீகாரம் அளித்தது. அதிலே மாணவன் கண்ணாடியும் அணிகின்றான். அவன் அமர்ந்துள்ள மேடையும் அசைகின்றது.