95 அடித்தால் வண்டி கூட ஓடுமா?

கொள்முதலில் ஐந்து ரூபாவுக்கும் பேரம் பேசும் நம் வியாபாரிகள், பெற்றோல் செட்டில் வண்டியை நிறுத்தியதும் அந்தக் கணக்குப் புத்தியை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியை இறக்கி "95 அடியுங்கள்" என்று சொல்வதில் ஒரு கௌரவமும் கலந்திருக்கிறது. விலை கூடிய சாமான் நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்பது நமது எண்ணம். துணியிலும் தேயிலையிலும் அது பெரும்பாலும் சரி. பெற்றோலில் அப்படியல்ல என்பதைத்தான் இந்த வாரம் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அக்குறணையில் பாத்திர வியாபாரம் செய்யும் நானா ஒருவர் தனது செலவுக் கணக்கை என்னிடம் காட்டினார். கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக மூன்று சிறிய வான்கள் வைத்திருக்கிறார். மூன்றும் ஜப்பானிலிருந்து வந்த 660 சீசீ வண்டிகள். மூன்றுக்குமாக வாரத்துக்கு 200 லீற்றர் வரை போகிறது. அவ்வளவும் 95 தான். "மேடும் பள்ளமுமான ஊர், 92 இழுக்காது என்று பாஸ் சொன்னார்" என்றார் நானா.

விலை அடிக்கடி மாறுவதால், இரண்டு பெற்றோலுக்கும் இடையில் லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 8,000 ரூபா. வருடத்துக்கு 416,000 ரூபா. பாத்திர வியாபாரத்தில் அந்தத் தொகையை இலாபமாகக் காண எத்தனை சட்டி, எத்தனை தாச்சி விற்க வேண்டும் என்பதை நானாவே சொல்லட்டும்.

அந்தப் பணத்துக்கு அவர் எதை வாங்குகிறார்? ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தியைக் காட்டும் எண் அல்ல. சுத்தத்தைக் காட்டும் எண்ணும் அல்ல. அமுக்கத்தைத் தாங்கும் அளவையே அது காட்டுகிறது. எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. சரியான நேரத்தில் பிளக் பொறி தட்ட, கலவை ஒழுங்காக எரிய வேண்டும். அமுக்கமும் சூடும் அளவு மீறினால், தீச்சுவாலை போய்ச் சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம். ஏற்றத்தில் ஏறும்போது தகரப் பேணியில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் கேட்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனுக்குக் கேடு.

ஒக்டேன் கூடிய பெற்றோல் இப்படித் தானாக வெடிக்காமல் கூடுதல் அமுக்கத்தைத் தாங்கும். அதற்கு மேல் அதில் விசேடம் இல்லை. ஒரு லீற்றர் 92 இலும் ஒரு லீற்றர் 95 இலும் உள்ள சக்தி ஏறத்தாழ ஒன்றுதான். அந்த அளவுக்கு அமுக்காத எஞ்சினில் 95 ஐ ஊற்றினால், கூடுதலாகத் தாங்கும் அந்தத் தன்மைக்கு வேலையே இல்லை. நூறு கிலோ தாங்கும் சாக்கில் ஐம்பது கிலோ அரிசியைக் கட்டினால் அரிசி கூடிவிடப் போவதில்லை. சாக்குக்குக் கொடுத்த காசுதான் கூடியிருக்கும்.

இந்த எண்களிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சவூதியிலிருந்து வருபவர்கள் அங்கே 91 உம் 95 உம் விற்பதைச் சொல்வார்கள். அது நமது எண் போன்றதே. ஆனால் அமெரிக்காவில் சாதாரண பெற்றோலுக்கு 87 என்று போட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, "அமெரிக்காக்காரனே 87 அடிக்கிறானே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர்கள் இரண்டு விதமாக அளந்து சராசரி எடுத்துப் போடுகிறார்கள். அந்த 87 நமது கணக்கில் கிட்டத்தட்ட 91, 92 ஆகும்.

நமக்கு முக்கியமானது ஜப்பானின் கணக்கு. நமது தெருக்களில் ஓடும் கார், வான்களில் பெரும் பங்கு அங்கிருந்து வந்தவை அல்லவா? ஜப்பானின் தர விதியில் 'ரெகுலர்' பெற்றோலின் ஒக்டேன் குறைந்தது 89 ஆக இருந்தால் போதும். 'ஹைஒக்கு' என்று அவர்கள் அழைக்கும் உயர்ந்த ரகம் குறைந்தது 96. ஆகவே ஜப்பானில் ரெகுலருக்கு என்று செய்யப்பட்ட வண்டிக்கு நமது 92 தேவைக்கும் மேலானது. வெகன் ஆர், எவ்ரி, விட்ஸ், அக்சியோ, அக்வா ஆகியவற்றில் நம்மிடையே வழமையாக ஓடும் ரகங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. பஜாஜ் முச்சக்கர வண்டிக்கு 95 அடிப்பவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

அக்வா பற்றி ஒரு கலியாண வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அதன் அமுக்க விகிதம் 13.4. விகிதம் அவ்வளவு கூடினால் 95 இல்லாமல் முடியாது என்றார் வாகனம் விற்கும் நண்பர் ஒருவர். விகிதத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு வேண்டுமென்றே தாமதித்து மூடுகிறது. உள்ளே வந்ததில் ஒரு பகுதி திரும்ப வெளியேறிவிடுவதால், உண்மையில் அமுக்கப்படுவது குறைவு. அதனால்தான் டொயோட்டா அதை ரெகுலருக்கு என்றே விற்றது.

அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016 இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ரெகுலருக்கென வடிவமைக்கப்பட்ட, நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் கொண்ட வாகனங்களில் இரண்டு பெற்றோலையும் ஊற்றி வலு, ஓட்டம், புகை எல்லாவற்றையும் அளந்தார்கள். விலை கூடியதால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தென்படவில்லை. தேவையில்லாமல் உயர் ரகம் அடித்ததில் அந்நாட்டவர்கள் ஒரு வருடத்தில் 2.1 பில்லியன் டொலரை வீணாக்கினார்கள் என்று அச்சங்கம் மதிப்பிட்டது.

அமெரிக்கா எதற்கு, எனது எவ்ரி வானிலேயே பார்த்துவிட்டேன். மூன்று மாதம் 92, ஒரு மாதம் 95. ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதினேன். 95 மாதத்தின் கணக்கு, 92 அடித்த மூன்று மாதங்களின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே நின்றது. ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் இடையிலான வித்தியாசம் அதைவிடப் பெரிது. டயரில் காற்றுக் குறைந்தாலும் அப்படித்தான்.

வியாபாரிக்கு இதைவிட இலகுவான கணக்கு ஒன்று உண்டு. விலை எத்தனை வீதம் கூடவோ, ஓட்டமும் அத்தனை வீதம் கூடினால்தான் போட்ட முதல் வரும். நெருக்கடியின் உச்சத்தில், 2022 ஜூன் 26 இல், 92 இன் விலை 470 ரூபாவாகவும் 95 இன் விலை 550 ரூபாவாகவும் உயர்ந்தன. வித்தியாசம் 17 வீதம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வண்டி பதினேழரைக்கு மேல் ஓடியிருந்தால்தான் அன்று கணக்குச் சரி. அதற்குப் பிறகு கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று மட்டுப்படுத்தியபோது, "கிடைக்கிற இருபதையும் 95 ஆக எடுத்தால் கூடத் தூரம் போகலாமே" என்று கேட்டவர்கள் பலர். ரெகுலருக்குச் செய்த வண்டியில் அந்த இருபதும் இந்த இருபதும் ஒன்றுதான். 92 க்கு வரிசை நீண்டிருந்தபோது 95 கிடைத்ததே என்று அடித்தவர்களின் நிலை வேறு. அவர்கள் வாங்கியது நேரத்தை.

இனி, 95 அவசியமான வண்டிகளும் உண்டு. பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஓடி போன்ற ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலானவை குறைந்தது 95 கேட்பவை. டர்போ பூட்டியவற்றிலும் சில அப்படி. அவற்றில் 92 ஊற்றி மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. நொக்கிங்கை உணரும் கருவி பொறி தட்டும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அதற்குப் பதிலாக வலுவைக் குறைத்துவிடும். பெற்றோலும் கூடச் செலவாகும். டர்போ என்றதும் 95 என்று முடிவெடுத்துவிடவும் வேண்டாம். டொயோட்டா ரைஸின் 1.0 டர்போ ஜப்பானில் ரெகுலர் வண்டியே.

உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பெற்றோல் மூடியின் உட்புறமோ கைநூலோ சொல்லும். ஜப்பான் வண்டியில் ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். படமெடுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். குறைந்தபட்சம் 95 என்று ஐரோப்பிய வண்டியில் எழுதியிருந்தால் அது கட்டளை. 'சிபாரிசு' என்று மட்டும் இருந்தால் 92 இலும் ஓடும், ஆனால் முழு வலு கிடைக்காது.

நானாவின் மூன்று வான்களிலும் மூடியைத் திறந்து பார்த்தோம். மூன்றும் ரெகுலர். ஆனாலும் அவர் ஒரேயடியாக மாற்றவில்லை. ஒரு வானுக்கு மட்டும் 92 அடித்து ஒரு மாதம் பார்த்தார். கொழும்பிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் வரும்போது சத்தம் கேட்கிறதா என்று சாரதியிடம் விசாரித்தார். கேட்கவில்லை. மற்ற இரண்டையும் மாற்றினார். பாஸ் சொன்னதிலும் ஒரு உண்மை உண்டு. பழைய எஞ்சினில் கரி படிந்தால் அமுக்கமும் சூடும் கூடி, 92 இல் தட்டத் தொடங்கும். 95 அடித்தால் சத்தம் அடங்கும். கரி அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்குத் தேவை கராஜ்.

எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்கும் மருந்துச் சேர்மானங்கள் ஒக்டேனோடு சம்பந்தப்பட்டவை அல்ல. அவற்றை எந்த ரகத்திலும் கலக்கலாம். நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் கலந்திருந்தால் 95 உம் வண்டியை நிறுத்திவிடும். நல்ல விற்பனை நடக்கும், நம்பிக்கையான செட்டில் அடிப்பது நல்லது.

சுப்பர் டீசல் பற்றியும் சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை இதோடு போட்டுப் பார்க்க வேண்டாம். அங்கே விடயம் கந்தகத்தின் அளவு. புதிய டீசல் எஞ்சின்களில் அது இன்ஜெக்டரையும் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியையும் பாதிக்கும். லொறி வைத்திருப்பவர்களுக்காக அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.