படகு இயந்திரத்துக்கு எந்த டூ-டி எண்ணெய்?

உதிரிப்பாகக் கடையில் ‘டூ-டி எண்ணெய்’ என்று கேட்டால், ‘எந்த இயந்திரத்துக்கு?’ என்ற கேள்வி அரிதாகவே வரும். போத்தல் கைக்கு வந்துவிடும். ரவாங்கில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல் வெட்டும் இயந்திரம், பழைய ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிள், வார இறுதியில் கோல சிலாங்கூரில் மீன் பிடிக்கப் போகும் படகின் இயந்திரம் என எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றுவோர் உண்டு. மூன்றுமே டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்கள்தாம். ஆனாலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பொருந்தாது.

தவறான எண்ணெயால் புல் வெட்டும் இயந்திரம் நின்றுபோனால் புல் ஒரு வாரம் வளரும், அவ்வளவுதான். படகின் பின்னால் தொங்கும் ‘எஞ்சின் சங்குட்’ ஆற்று முகத்துவாரத்தில், நீர் வற்றும் நேரத்தில் நின்றுபோனால் படகில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. எனவே இந்தச் சின்னப் போத்தலின் பின்னால் உள்ள அறிவியலைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணெயும் சேர்ந்து எரிகிறது

நம் காரில் இருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரம். அதன் அடித்தொட்டியில் இருக்கும் எண்ணெய் மீண்டும் மீண்டும் சுற்றி வந்து உராய்வைக் குறைக்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுகிறோம்.

டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் அந்த எண்ணெய்த் தொட்டி கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை வழியாகத்தான் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து அனுப்புகிறோம். அது பிஸ்டன், தாங்கிகள், கிராங்க் தண்டு ஆகியவற்றின் மீது படலமாகப் படிந்து உராய்வைத் தடுக்கிறது. பிறகு மேலே சென்று பெட்ரோலோடு எரிந்து புகையாக வெளியேறுகிறது.

ஆக, இந்த எண்ணெய்க்கு இரண்டு வேலைகள். முதலில் உராய்வைத் தடுக்க வேண்டும். அது முடிந்ததும் மிச்சம் வைக்காமல் எரிந்துபோக வேண்டும். காருக்கு ஊற்றும் ‘மினியாக் ஹித்தாம்’ முதல் வேலையைச் செய்யலாம். இரண்டாவது வேலைக்காக அது தயாரிக்கப்படவில்லை. காசு மிச்சம் என்று அதைப் பெட்ரோலில் கலப்பது இயந்திரத்துக்குக் கேடு.

விறகும் மெழுகுவத்தியும்

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது. மெழுகுவத்தி எரிந்தால் சாம்பல் இல்லை. காரணம் என்ன? மெழுகில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். அவை எரிந்ததும் வாயுவாகப் போய்விடுகின்றன. மரத்திலோ கால்சியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களின் சேர்மங்கள் உள்ளன. அவை எரிந்து மறைவதில்லை, சாம்பலாகத் தங்கிவிடுகின்றன.

எண்ணெயிலும் இதே கதைதான். இயந்திரத்துக்குள் கரி படியாமல் இருக்க எண்ணெயில் துப்புரவுப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒரு வகை, கால்சியம் போன்ற உலோகம் கலந்தது. மிகுந்த சூட்டிலும் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் எரிந்தால் சிறிது சாம்பல் விடும். இன்னொரு வகை, நைட்ரஜன் கலந்த கரிமச் சேர்மங்கள். இவை சாம்பல் விடுவதில்லை. ஆனால் மிகுந்த சூட்டைத் தாங்காமல் சிதைந்துவிடும். எதைத் தேர்வது என்பதை இயந்திரத்தின் சூடுதான் முடிவு செய்கிறது.

கடல் நீரால் குளிரும் இயந்திரம்

படகு இயந்திரம் தான் மிதக்கும் நீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்கிறது. சூடான நீரை வெளியே விட்டுவிட்டுப் புதிய நீரை எடுக்கிறது. அதனால் பல படகு இயந்திரங்களில் குளிர்விக்கும் நீர் சுமார் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இருக்கும். காற்றால் குளிரும் புல் வெட்டும் இயந்திரத்திலோ உருளையின் சூடு 150 டிகிரியைத் தாண்டிச் செல்லக்கூடும்.

உலோகம் கலந்த எண்ணெயைப் படகு இயந்திரத்தில் ஊற்றினால் சாம்பல் மெல்ல மெல்லப் படியும். அது பிளக்கின் முனையை அடைக்கும். பிஸ்டன் வளையங்களைப் பள்ளத்திலேயே ஒட்டவைக்கும். பிஸ்டன் தலையில் படிந்த சாம்பல் தணல்போல் கனன்றால், பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும் இயந்திரத்தில் இது பிஸ்டனையே துளைத்துவிடலாம்.

மறுபக்கம், படகு எண்ணெயைப் புல் வெட்டும் இயந்திரத்தில் ஊற்றினாலும் பிரச்சினைதான். அந்தச் சூட்டில் அதன் துப்புரவுப் பொருள் சிதைந்து கரி படியும்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 125-இசட் போன்ற வண்டிகளும் நீரால்தான் குளிர்கின்றன. ஆனால் அங்கே ஒரே நீர் மூடிய வட்டத்தில் சுற்றுவதால் சூடு அதிகம். ஆகவே அவற்றுக்கும் மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான். அதுபோலவே, புல் வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைச் சிறு சம்பானில் பொருத்தி ஓட்டுவோர் இருக்கிறார்கள். படகில் இருந்தாலும் அது காற்றால் குளிர்வதுதான். அதற்குப் படகு எண்ணெய் வேண்டாம்.

போத்தலில் எதைப் பார்ப்பது?

விலையையும் நிறத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். படகுக்கு உரிய எண்ணெயில் ‘டிசி-டபிள்யூ3’ என்ற குறி இருக்கும். நீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு உரியது என்பதே அந்த எழுத்துகளின் பொருள். அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் வழங்கும் தரச்சான்று இது. இதைப் பெற, எண்ணெயை உண்மையான படகு இயந்திரங்களில் சுமார் 100 மணி நேரம் வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். துருவைத் தடுக்கிறதா, சிறிது நீர் கலந்தால் கூழாகி வடிகட்டியை அடைக்கிறதா என்பனவும் சோதிக்கப்படுகின்றன. உப்புக் காற்றில் வாழும் இயந்திரத்துக்கு இவை முக்கியம்.

காற்றால் குளிரும் இயந்திரங்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஜப்பானின் ‘ஜாசோ’ தரம் பொருந்தும். அதில் எஃப்சி என்பது புகை குறைந்தது. எஃப்டி அதைவிடக் கூடுதல் துப்புரவுத் திறன் கொண்டது. எஃப்டி உயர்ந்த தரமாயிற்றே என்று அதைப் படகுக்கு வாங்கக்கூடாது. அது வேறு வேலைக்கான எண்ணெய்.

‘சான்று பெற்றது’ என்பதும் ‘ஏற்றது’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது, சோதனையில் தேறியது. இரண்டாவது, தயாரிப்பாளரின் சொந்த வாக்கு.

செயற்கை எண்ணெயா, கனிம எண்ணெயா என்று பலர் குழம்புகிறார்கள். செயற்கை எண்ணெய் பொதுவாகப் புகையும் கரியும் குறைந்தது. ஆனாலும் சான்று பெற்ற சாதாரண எண்ணெய், சான்றில்லாத விலையுயர்ந்த எண்ணெயைவிட மேலானது.

அளவும் கலக்கும் முறையும்

பல படகு இயந்திரங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது 25 லிட்டர் தொட்டிக்கு அரை லிட்டர். சில இயந்திரங்களுக்கு 100-க்கு 1. அப்போது கால் லிட்டர் போதும். புதிய இயந்திரத்தின் தொடக்க மணிநேரங்களுக்கும் பல பழைய இயந்திரங்களுக்கும் 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டர். உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும்.

குறைந்தால் பிஸ்டன் உருளையோடு இறுகிக்கொள்ளும். ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே’ என்பதும் சரியல்ல. கூடுதல் எண்ணெய் புகையையும் கரியையும் கூட்டும். அது பெட்ரோலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எரிகலவையில் பெட்ரோலும் குறையும்.

கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குவளையைப் பயன்படுத்துங்கள். முதலில் சிறிது பெட்ரோல், அடுத்து முழு எண்ணெய், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல் என்பதே முறை. எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ள இயந்திரம் தானாகவே கலந்துகொள்ளும். கையேடு சொன்னாலன்றி அதற்கு முன்கூட்டிக் கலக்கத் தேவையில்லை. அடியில் உள்ள கியர் பெட்டிக்கு ஊற்றுவது முற்றிலும் வேறு எண்ணெய். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

ஆற்றுக்குப் போவது எவ்வளவு?

படகு இயந்திரத்தின் புகை பெரும்பாலும் நீருக்கு அடியில்தான் வெளியேறுகிறது. கார்புரேட்டர் கொண்ட பழைய வகை டூ-ஸ்ட்ரோக் இயந்திரம், தான் குடிக்கும் எரிபொருளில் 20 முதல் 30 விழுக்காட்டை எரிக்காமலே வெளியே தள்ளுகிறது. 25 லிட்டர் தொட்டியில் குறைந்தது 5 லிட்டர்! அதிலுள்ள பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எண்ணெய் அப்படி எளிதில் ஆவியாகாது.

ரவாங் கடலோர ஊர் அல்லதான். ஆனால் இங்குள்ள கோங் ஆற்றின் நீர் சிலாங்கூர் ஆற்றில்தான் சேர்கிறது. 2020 செப்டம்பரில் கோங் ஆற்றில் மாசு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் குழாய் வறண்டதை நாம் மறக்கவில்லை. அது படகு எண்ணெயால் நேர்ந்ததல்ல. ஆனால் ஆற்றில் எதைக் கலந்தாலும் அது யாரையோ போய்ச் சேரும் என்பதை அது காட்டியது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழ்கின்றன. அங்கே பார்வையாளர்களைத் துடுப்புப் படகுகளில்தான் அழைத்துச் செல்கிறார்கள்.

அமெரிக்காவில் 1998 முதல் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்ட புகை விதிகளால் பழைய வகை டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்கள் அங்கே கடைகளைவிட்டு மறைந்தன. நம் பக்கம் அவை எடை குறைந்தவை, பட்டறையில் எளிதில் பழுதுபார்க்கக்கூடியவை என்பதால் இன்னும் ஓடுகின்றன. ஓடும்வரை சரியான எண்ணெயைச் சரியான அளவில் ஊற்றுவதே நம் கையில் இருப்பது. அடுத்த முறை கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘படகுக்கு, டிசி-டபிள்யூ3.’