குழந்தையின் கழுத்தில் நெறி: எப்போது கவலைப்படணும்?

ரெட்டியார்பாளையத்தில் பல வீடுகளில் கேட்கிற கேள்வி இது. குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டினால் உடனே பயந்துடாதீங்க. பெரும்பாலும் தொண்டைப்புண், சொத்தைப்பல்லால் வருவது, தானே வற்றிடும்.

ஆனா நாலு வாரமாகியும் வற்றலையா? வலியில்லாமல் பெருசாகுதா? கூடவே விடாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக்குறைவு? காத்திருக்காதீங்க.

நம்ம ஊரில் சிக்கல் என்னன்னா, காசநோயிலும் இதே அறிகுறிகள்தான். பரிசோதிக்காமல் டிபி மாத்திரை ஆரம்பிச்சா, லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், கண்டுபிடிக்கத் தாமதமாகும். அதனால டாக்டரிடம் கேளுங்க: "பயாப்சி பார்க்கணுமா?" நெறியை எடுத்துச் சோதிப்பதுதான் அது. கத்தி பட்டா பரவும்னு சொல்றதை நம்பாதீங்க.

1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகை, முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகுது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஜிப்மர் நம்ம ஊரிலேயே, கோரிமேட்டில் இருக்கு.