ஏற்றும்போது நிதானம், இறக்கும்போது இரட்டை நிதானம்!

வீடு மாற்றும் நாள். கட்டில் ஏறிவிட்டது. பீரோ ஏறிவிட்டது. கடைசியாக வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

"நாலு பேர் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது!

ஸ்பிளெண்டர் வண்டியின் எடை சுமார் 112 கிலோ. புல்லட் என்றால் சுமார் 195 கிலோ. இது அரிசி மூட்டை அல்ல. சக்கரம் உருளும். ஹாண்டில் பார் திரும்பும். ஒருவர் கை நழுவினால், பாரம் முழுவதும் இன்னொருவர் காலில் விழும்.

நீளப் பலகை

வீட்டுச் சாமான் ஏற்றப் பலரும் அழைப்பது "குட்டி யானை"யை. 2005-ல் வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் அது. அதன் தளம் 2 அடி உயரம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

4 அடிப் பலகையைச் சாய்த்து வைத்தால், 112 கிலோ வண்டியை மேலே தள்ளச் சுமார் 56 கிலோ பலம் வேண்டும். 8 அடிப் பலகை என்றால் 28 கிலோ பலம் போதும். பலகை இரண்டு மடங்கு நீண்டால், பாடு பாதியாகிறது! மலைப் பாதையை வளைத்து வளைத்துப் போடுவதும் இதற்காகத்தான்.

பலகை கனமாக இருக்கட்டும். ஈரம் இருந்தால் துடையுங்கள். மேல் முனையை லாரியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாவிட்டால், சக்கரம் ஏறும்போது பலகை நழுவிவிடும்.

சமதரையில் லாரியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். அருகில் மண் மேடு இருந்தால், லாரியின் பின்பக்கத்தை அதை ஒட்டி நிறுத்துங்கள். ஏற வேண்டிய உயரம் குறையும்.

கிளட்ச் செய்யும் காவல்

வண்டியை ஓட்டி ஏற்றாதீர்கள். என்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போடுங்கள். ஒருவர் இடது பக்கம் நின்று, கிளட்சைப் பிடித்தபடி ஹாண்டில் பாரைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர் நடக்கப் பக்கத்தில் இன்னொரு பலகை போடுங்கள். இருவர் பின்பக்கம், ஆளுக்கு ஒரு புறமாக நின்று தள்ளட்டும். நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பாதியில் வண்டி பின்வாங்கினால், கிளட்சை விடுங்கள். பின் சக்கரம் இறுகி நின்றுவிடும். முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். சரிவில் பாரம் பின் சக்கரத்துக்குப் போவதால், முன் சக்கரம் சறுக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்த உபாயம் இல்லை. அதன் பின் பிரேக் இடது கையில் இருக்கிறது. அதைப் பிடியுங்கள்.

நான்கு கயிறுகள்

முன் சக்கரம் லாரியின் முன் பலகையில் முட்டி நிற்கட்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு கயிறுகளை இரு புறமும் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடியிலும் இண்டிகேட்டரிலும் கட்டாதீர்கள். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பினால், ஒரே பள்ளத்தில் வண்டி சாயும். சில மைல் போனதும் நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்கும்போது

போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். எல்லோரும் களைத்திருப்பார்கள். "சீக்கிரம் இறக்கு" என்பார்கள். அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்!

முதலில் குழந்தைகளைத் தூர நிறுத்துங்கள். பலகையை மறுபடியும் கட்டுங்கள். வண்டி முதல் கியரில் இருக்கட்டும். பின் சக்கரம் முதலில் இறங்கட்டும். கிளட்சைச் சிறிது சிறிதாகப் பிடித்து விட்டால், வண்டி அடியடியாக இறங்கும். சைலன்சர் பக்கம் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் வண்டி சாய்ந்தால்? விட்டுவிட்டு விலகுங்கள்! ஓடிப்போய்த் தாங்காதீர்கள். உடைந்த விளக்கைக் கடையில் வாங்கலாம். கால் முறிந்து உழைப்பவர் படுத்துவிட்டால், வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?